துணிக் கத்தரியால் தாள் வெட்டாதே

என் தையற்கடையில் கத்தரி இரண்டு. பெரியது பத்து அங்குல மீரட் கத்தரி, துணிக்கு மட்டும். சிறியது கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியது; தாளுக்கு மட்டும். மாற்றித் தொட்டால் நான் என்ன பேசுவேன் என்பது காஜா எடுக்க வரும் பெண்ணுக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அப்படியும் சென்ற ஆடியில் ஒரு நாள் மாலை அவர் பெரிய கத்தரியை எடுத்துப் பழைய நாட்காட்டியை நறுக்கிக்கொண்டிருந்தார். தாளை வழவழப்பாக்க அதில் சுண்ணாம்புத் தூளும் வெள்ளைக் களிமண்ணும் சேர்க்கிறார்கள். கத்தரியின் வாய்க்கு அது மணல் மாதிரி. மறுநாள் பட்டுத்துணி வெட்டும்போது நுனியில் கடித்துக்கொண்டது. சாணை பிடிக்கிறவர் எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறைதான் வருவார். அந்த மாதம் முழுவதும் என் வீட்டுக்காரருக்குக் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் குறைவாகவே விழுந்தது.

தையற்காரிக்குத் தாள் கத்தரி எதற்கு என்று கேட்டால் கதை கேரளத்துப் புனலூருக்குப் போகும்.

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்துவிட்டு அதன்பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் வந்த ஊர். கோடு மாறினாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாறவில்லை. அப்பாவின் தங்கை 1966இல் புனலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். மாமாவுக்கு அங்கே காகித ஆலையில் வேலை. 1888இல் தொடங்கிய ஆலை அது. அத்தை தாய்வீடு வரும்போதெல்லாம் மாமாவின் கையில் ஓரம் வெட்டிய தாள் ஒரு கட்டு இருக்கும். மீட்டர்கேஜ் ரயிலில் எடமண், தென்மலை, ஆரியங்காவு, பகவதிபுரம் என்று மலையேறி இறங்கி வந்த தாள். அதை ஊசிநூலால் தைத்துத்தான் எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் கணக்கு நோட்டு. நான் முதலில் போட்ட தையல் துணியில் அல்ல, நோட்டு முதுகில்.

மிஞ்சும் துண்டுகளில் பொங்கல் வாழ்த்து செய்வேன். அந்தக் காலத்தில் மார்கழி பாதி ஆனதும் கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பு, காளை, பொங்கிவழியும் பானை, பக்கத்திலேயே நடிகர்கள். சிவகாசி அச்சு, கை வைத்தால் ஜிகினா ஒட்டும். வாங்கக் காசு இல்லாததால் நான் செய்தேன். இதில் கலைத்தாகம் எதுவும் கிடையாது. என் அட்டைக் காளைக்கு மூன்று கால்தான் இருந்தது என்று சித்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

தாளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே பெரிய விஷயம் மாமா சொன்னது. துணிக்கு நேர், குறுக்கு உண்டு அல்லவா, தாளுக்கும் உண்டு. கூழ் ஓடுகிற சல்லடைமேல் நார்கள் ஓட்டத்தோடு ஒரே முகமாகப் படுத்துக்கொள்கின்றன, வாய்க்காலில் விழுந்த வைக்கோல்போல. நேர் பார்த்து மடித்தால் மடிப்பு கத்தியாக நிற்கும். குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து நார் வெளியே தெரியும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு துண்டை இரண்டு பக்கமும் கிழித்துப் பாருங்கள். கோடு போட்ட மாதிரி நேராகக் கிழிகிற திசைதான் நேர். தாளை மெல்ல வளைத்துப் பார்த்தாலும் கைக்கு அடங்கி வளைகிற பக்கமும் முரண்டு பிடிக்கிற பக்கமும் தெரியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தையல் படிக்கச் சென்ற இடத்தில் ஆசிரியை நேர்த்துணி, குறுக்குத்துணி என்று தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

1987இல் ஆலை மூடப்பட்டது. தாள் வருவதும் நின்றது. கடைசிக் கட்டில் ஏழெட்டுத் தாள்களை அம்மா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் விரித்திருந்தார். இப்போது அவை தேநீர் நிறம்.

இப்போது எனக்குத் தாள் வருகிற வழி வேறு. கல்யாணப் பத்திரிகை. ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் பத்திரிகையும் வைக்கிறார்கள். ஆவணியும் தையும் வந்தால் மேசையில் அடுக்கு ஏறும். நல்ல கனத் தாள், பொன்வரி, சிலவற்றில் வெல்வெட். கல்யாணம் முடிந்த மறுநாள் அதைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார். நான்கு மூலையிலும் மஞ்சள். பிள்ளையாரின் குறுக்கே கத்தரி வைக்க எனக்குக் கை வராது, கீழே போடவும் வராது. ஆகவே முதலில் அவரைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் விட்டு முழுசாக வெட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைக்கிறேன். பதினோரு வருடத்தில் டப்பா மூன்றாகிவிட்டது. முருகன், மீனாட்சி கல்யாணம், திருப்பதி ஏழுமலையான் எல்லாரும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மஞ்சள் பட்ட மூலைகளை மட்டும் விடாமல் பயன்படுத்துகிறேன். வாழ்த்து அட்டைக்கு அதைவிடப் பொருத்தமான மூலை கிடையாது.

விஷுவுக்கு அத்தையின் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புவது எளிய அட்டைதான். உள்ளே சட்டைப்பை மாதிரி ஒரு பை, அதில் கைநீட்டத்துக்கு, அதாவது விஷுவன்று பெரியவர்கள் கொடுக்கும் காசுக்கு, ஒரு நாணயம். நம் சித்திரைப் பிறப்பும் அதை ஒட்டித்தான் வருவதால் ஒரே அட்டை இரண்டுக்கும் ஆகும். ஒரு வருடம் கொன்றைப்பூவை அழுத்தி ஒட்டிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் மஞ்சள் போய்ப் புகையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. அதன்பிறகு மஞ்சள் சாட்டின் துணுக்குதான்.

தபாலில் ஒருமுறை நானே என் காதைத் திருகிக்கொள்ள நேர்ந்தது. சாதாரணக் கடிதத்துக்கு ஐந்து ரூபாய் என்றால் அது 20 கிராம் வரைக்கும்தான். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் அட்டை என்றால் ஏ4 ஒன்றே கிட்டத்தட்ட 19 கிராம். உறை, ஒட்டு, சாட்டின் எல்லாம் சேர்ந்தால் 20 எங்கே நிற்கும்? நான் எடை பார்க்காமல் ஐந்து ரூபாய்த் தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஒட்டாமல் விட்ட தொகையைப்போல இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பது தபால் விதி. அத்தை வீட்டில் பத்து ரூபாய் கொடுத்து என் அன்பைப் பெற்றுக்கொண்டார்கள். அதிலிருந்து பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்காமல் எதுவும் வெளியே போவதில்லை. நகைக்கடைக்காரரும் பழகிவிட்டார், தாலிக்கொடி நிறுத்த தட்டிலேயே என் உறையையும் வைத்து, சேதாரம் இல்லை அக்கா என்பார்.

சென்ற வருடம் புனலூர் போயிருந்தபோது அத்தையின் மருமகள் அலமாரியைத் திறந்து நான் அனுப்பியவற்றை எல்லாம் எடுத்துக் காட்டினார். ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் உள்ளே நான் எழுதியதை யாரும் படித்திருக்கவில்லை. சர்க்கரையால் அத்தைக்குப் பார்வை மங்கி நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் மற்றவர்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது, படித்ததெல்லாம் மலையாளம். பேரன் எழுத்துகளைச் சித்திரம் பார்ப்பதுபோலப் பார்த்து, அழகாக இருக்கிறது சித்தி என்றான். நான்கு வருடமாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். யார் வீட்டுக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, தெப்பக்குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதுவரை.

திரும்பி வருகிற ரயிலில் தென்மலை தாண்டியதும் கழுதுருட்டிப் பாலம் வந்தது. பதிமூன்று கண் பாலம் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம்; கண் என்றால் தூண்களுக்கு நடுவே உள்ள வளைவு. 1904இல் இந்தப் பாதை திறந்த காலத்துப் பாலம். 2010இல் மீட்டர்கேஜை நிறுத்திவிட்டு, 2018இல் அகலப்பாதை முழுவதும் ஓடத் தொடங்கியபோதும் பழைய கல்கண்கள் அப்படியே நின்றன. அத்தை மணப்பெண்ணாகப் போனது இதன்மேல்தான். அழுதுகொண்டே போனதாகவும், பாலம் வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கண்களை எண்ணியதாகவும் நூறுமுறை சொல்லியிருக்கிறார். எழுத்து வேண்டாம், பாலத்தையே அட்டையில் எழுப்பிவிடலாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

முடிவு செய்வது சுலபம். ஏ4 அட்டையை இரண்டாக மடித்தால் மடிப்பின் நீளம் 21 சென்டிமீட்டர். கண் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர், தூண் ஒன்றுக்கு மூன்றரை மில்லிமீட்டர். பதிமூன்று கண்ணுக்குப் பதினான்கு தூண். மொத்தம் 17.9. அளவு கச்சிதம். மடிப்புக்கு மேலே ஐந்து, கீழே இரண்டு என்று இரு முனையிலும் கீறல் போட்டு நடுப்பகுதியை முன்னால் தள்ளினால் மேல்தளம் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கும் முகப்பு ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கும் எழுந்து நிற்கும். இதில் நான் செய்த முதல் தவறு, அட்டையை முதலிலேயே முழுசாக மடித்தது. பாலத்தின் முகப்பில் அந்த நடுமடிப்பு வரவே கூடாது; கீறல்களுக்கு வெளியே மட்டும்தான் மடிக்க வேண்டும். முதல் பாலம் நெற்றியில் கோடு விழுந்து குனிந்தது.

இரண்டாவது பாலம் தூண் தூணாக ஒடிந்தது. அப்போதுதான் மாமாவின் பாடம் திரும்பி வந்து கன்னத்தில் தட்டியது. அட்டையின் மடிப்பு நேர் பார்த்து இருக்க வேண்டும். அப்படி வைத்தால் தூண்கள் குறுக்கில் வருகின்றன. மூன்றரை மில்லிமீட்டர் தூணுக்குக் குறுக்கு நார் தாங்காது. தூணுக்காகத் தாளைத் திருப்பினால் முதுகு வெடிக்கிறது. ஒரே தாள், இரண்டு ஆசை.

இரண்டு நாள் யோசித்தேன். பதில் என் மேசையிலேயே கிடந்தது. காலருக்கு வைக்கிற, சூடு பட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ். நான்கரை சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டி, அதன் நேர் நிமிர்ந்து நிற்கும்படி திருப்பி, முகப்புக்குப் பின்னால் வைத்து மேலே ஒரு மல் துணி விரித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். தேய்க்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும். மேலும் கீழும் மடிகிற கோடுகளில் கேன்வாஸ் ஏறாமல் விட்டேன். பிறகு செருப்புத் தைக்கிற அண்ணனிடம் ஒரு சென்டிமீட்டர் வட்டத்துளை போடும் உளியை இரவல் வாங்கி, வளைவுக்குத் துளை, கீழே பிளேடால் இரண்டு நேர்வெட்டு. மடிப்புக் கோடுகளுக்கு மை தீர்ந்த பேனா முனை. டிரேசிங் சக்கரம் வேண்டாம். அது போடுகிற பல் வரிசையில் தாள் பின்னால் கிழிந்துவிடும்.

பாலத்தை முன்னால் தள்ளியதும் அட்டையில் அந்த அளவுக்கு ஓர் ஓட்டை விழுகிறது. அதை மறைக்க வெளிப்புறம் இன்னொரு தாள் ஒட்டியாக வேண்டும். அம்மாவின் பீரோவிலிருந்து தேநீர் நிறத் தாள் ஒன்றை எடுத்தேன். மைதாப் பசை, துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. வெள்ளைப் பசையை அள்ளிப் பூசினால் நீர் ஊறித் தாள் சுருங்கிவிடும். சாரல் காலம் வேறு. புளியரைக் கணவாய் வழியாக ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். பலகைக்கு நடுவில் வைத்து, மேலே தையல் இயந்திரத்தின் தலையை இறக்கி வைத்தேன். மூன்று நாள் துணி தைக்கவில்லை. வாடிக்கையாளர்களிடம் இயந்திரம் பழுது என்று சொன்னேன்.

தபாலை நம்பவில்லை. ஓணத்துக்கு நானே எடுத்துப் போனேன்.

அத்தை அட்டையை மடியில் வைத்துத் திறந்தார். என்ன என்று நான் சொல்லவில்லை. விரல் மேல்தளத்தில் ஓடியது, முகப்பில் இறங்கியது, முதல் கண்ணில் நுனி நுழைந்தது. அப்புறம் எண்ணத் தொடங்கினார், தமிழில். ஏழு வரும்போது பேரன் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து பாலத்தின்மேல் ஓட்டினான். அத்தை அவன் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினார். பதிமூன்று. பாலத்துக்குப் பின்னால் இருந்த தாளை நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "இதில் செங்கோட்டை எந்தப் பக்கம் தாயே?"

இதை நான் யோசிக்கவே இல்லை. மில்லிமீட்டர் கணக்குப் பார்த்தவளுக்கு ரயில் எங்கே போகிறது என்று தெரியவில்லை. கைப்பையில் ஊசி எப்போதும் இருக்கும். பாலத்தின் வலது முனையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு, விரலுக்குத் தட்டுப்படும்படி முடிச்சைப் பெரிதாக வைத்துக் கொடுத்தேன்.

அத்தை முடிச்சைத் தடவிக்கொண்டே பேரனைக் கூப்பிட்டு, இனிமேல் தீப்பெட்டியை இங்கிருந்து ஓட்டு என்றார்.