புகைமூட்டம்: செயற்கைக்கோள் சொல்வதும் சன்னலோர உணர்கருவி சொல்வதும்

சுமத்ராவிலிருந்து கிளம்பிய புகை சிங்கப்பூருக்கு மேலே படர்ந்திருப்பது செயற்கைக்கோள் படத்தில் நன்றாகத் தெரியும். அதே மணிநேரத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்) அளவு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்று இருக்கும். மறுநாள் படத்தில் வானம் தெளிவாகவே இருக்கும், தரையில் தொண்டை எரியும். எது பொய் என்று வாட்ஸ்அப் குழுக்களில் வாக்குவாதம் நடக்கும். இரண்டுமே உண்மைதான். இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன, இரண்டையும் இணைப்பவை உயரமும் ஈரப்பதமும். இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் படத்தையும் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயனே இல்லை.

செயற்கைக்கோள் பார்ப்பது தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை உள்ள முழுக் காற்றுத் தூணை. அந்தத் தூணில் மிதக்கும் துகள்கள் ஒளியை எவ்வளவு மங்கவைக்கின்றன என்பதை ஏஓடி என்ற ஓர் எண்ணால் குறிப்பார்கள். ஏஓடி 0.1 என்றால் தெளிந்த காற்று. 1 என்றால் நேராக விழும் வெயிலில் ஏறக்குறைய 37 சதவீதமே துகள்களைத் தாண்டி வருகிறது. தரைக் கருவியோ தன் வாய்க்குள் வரும் காற்றை மட்டும் அளக்கிறது.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஏஓடி 0.5, புகை முழுவதும் தரையிலிருந்து 1,000 மீட்டர் உயரத்துக்குள் சீராகக் கலந்திருக்கிறது என்று கொள்வோம். 0.5-ஐ 1,000-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு 0.0005 மங்கல். சிங்கப்பூர் ஈரத்தில் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும். அதனால் உலர்ந்த துகளைவிட 1.8 மடங்கு மங்கலாக்குகின்றன என்று வைத்து வகுத்தால் 0.00028. உலர்ந்த காட்டுத்தீப் புகை ஒரு கிராமுக்கு 4 சதுர மீட்டர் அளவு ஒளியை மறிக்கும். அதாலும் வகுத்தால் கன மீட்டருக்கு சுமார் 70 மைக்ரோகிராம். இப்போது அதே ஏஓடியில் பாதிப் புகை 2 கிலோமீட்டருக்கு மேலே தனி அடுக்காக மிதக்கிறது என்று மாற்றுங்கள். தரையில் 35தான். புகை முழுவதும் மேலடுக்கில் என்றால் படம் பயமுறுத்தும், மூக்குக்கு ஒன்றும் தெரியாது. காலையில் கலப்பு அடுக்கு, அதாவது தரையோடு சேர்ந்து கலக்கும் காற்று, சில நூறு மீட்டருக்குள் ஒடுங்கிக் கிடப்பதால் சிறிய ஏஓடிகூடத் தரையில் பெரிய எண்ணாகும். பிற்பகலில் அடுக்கு உயர உயர எண் இறங்கும்.

துகள் புகையாக இல்லாமல் பாலைவனப் புழுதியாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். புழுதித் துகள் பருமனானது, கிராமுக்கு 0.6 சதுர மீட்டர் அளவுக்கே ஒளியை மறிக்கும். அதே ஏஓடிக்கு எடை பல மடங்கு கூடும். ஆகவே மேலே இருப்பது புகையா புழுதியா என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் தவறான படத்தைத் திறக்கிறார்கள். ஜப்பானின் ஹிமாவாரி வானிலைச் செயற்கைக்கோள் தரும் 'டஸ்ட் ஆர்ஜிபி' என்ற புழுதிப் படம் பெயரைப் பார்த்தால் பொருத்தமாகத் தோன்றும். அது அகச்சிவப்பு அலைவரிசைகளின் வெப்பநிலை வித்தியாசங்களால் ஆனது. கோபி பாலைவனப் புழுதியில் உள்ள சிலிக்கேட் கனிமம் 10.4 மைக்ரான் ஒளியை 12.4 மைக்ரான் ஒளியைவிட அதிகம் உறிஞ்சும், அதனால் இளஞ்சிவப்பாகத் தெரியும். கரிமப் புகையின் நுண்துகளுக்கு அந்த அலைநீளங்களில் ஏறக்குறைய எந்தத் தடயமும் இல்லை. சுமத்ராவின் ரியாவ் மாநிலமே எரிந்தாலும் டஸ்ட் ஆர்ஜிபியில் காணாது. போதாக்குறைக்கு, வெப்பமண்டலக் காற்றின் நீராவி அந்த வித்தியாசத்தை எதிர்த்திசையில் தள்ளி, மெல்லிய புழுதி இருந்தாலும் மறைத்துவிடும். புகைக்குப் பார்க்க வேண்டியது பகல்நேர இயற்கை நிறப் படம், அதாவது கண்ணால் பார்ப்பது போன்ற நிறத்தில் காட்டும் 'ட்ரூ கலர்' படம். அதிலும் காலை, மாலைச் சாய்வெயில் நேரம் நல்லது, நீளமான ஒளிப்பாதையில் மெல்லிய புகையும் எழுந்து தெரியும்.

ஹிமாவாரி-9 கிழக்குத் தீர்க்கரேகை 140.7 டிகிரிக்கு மேலே நிலையாக நின்று, 16 அலைவரிசைகளில், 10 நிமிடத்துக்கு ஒருமுறை முழு வட்டப் படம் எடுக்கிறது. 2022 டிசம்பரில் ஹிமாவாரி-8-இடமிருந்து பொறுப்பேற்றது. அது நம்மைச் செங்குத்தாகப் பார்ப்பதில்லை, சுமார் 43 டிகிரி சாய்வாகப் பார்க்கிறது. உயரமான மேகம் படத்தில் தன் உண்மையான இடத்திலிருந்து மேற்கே தள்ளித் தெரிவது இதனால்தான். ஜப்பானிய விண்வெளி முகமையின் பி-ட்ரீ தளத்தில் பதிவு செய்தால் ஹிமாவாரி ஏஓடி தரவு கிடைக்கும். கட்டங்கள் சுமார் 5 கிலோமீட்டர். கோப்புப் பெயரில் இருக்கும் நேரம் உலகப் பொது நேரம், நம் நேரம் அதோடு 8 மணி கூட்டியது. இதை மறந்து காலைப் படத்தைப் பிற்பகல் அளவோடு ஒப்பிட்டுக் குழம்புவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மோடிஸ், விர்ஸ் போன்ற துருவச் சுற்றுக் கருவிகள் நாளுக்கு ஓரிரு முறைதான் நம்மைக் கடக்கும். விர்ஸ் கடப்பது பகல், இரவு இரண்டிலும் ஒன்றரை மணியை ஒட்டி. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ஏஓடி வரைபடத்தில் வெற்றிடம் இருந்தால் காற்று தூய்மை என்று பொருளல்ல. மேகம், கடல் மேல் சூரியப் பளபளப்பு, கரையோரக் கலங்கல் நீர், கான்கிரீட்டின் வெளிர் நிறம் எனப் பல காரணங்களால் கணிமுறை அந்தக் கட்டத்தைக் கைவிட்டிருக்கும். மிக மோசமான விடுபடல் மிகக் கடுமையான புகையின்போதுதான் நேரும்: அடர்ந்த புகையை மேகம் என்று நினைத்து வடிகட்டி எறிந்துவிடும். ஏஓடி வரைபடத்தை ஒருபோதும் தனியாகப் பார்க்காதீர்கள். இயற்கை நிறப் படத்தை அடியில் வைத்துப் பாருங்கள்.

தீப்புள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு புள்ளி என்பது ஒரு தீ அல்ல, சூடாகத் தெரிந்த ஒரு படக்கூறு (பிக்சல்). பெரிய தீ பல புள்ளிகளாகும். விர்ஸ் 375 மீட்டர் அளவிலும் மோடிஸ் 1 கிலோமீட்டர் அளவிலும் பார்ப்பதால் இரண்டின் எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது. கரிச்சதுப்பு நிலம் அடியில் கனன்று கொண்டிருக்கும்போது வெப்பம் குறைவு, புகை மிகுதி. அது புள்ளியாகவே வராமல் போகலாம். மேகமூட்டமான நாளில் புள்ளி குறைந்ததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விண்ணுக்கும் தரைக்கும் நடுவராக நிற்பது சூரிய ஒளிமானி. ஏரோநெட் வலையமைப்பின் கருவி ஒன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயங்கி வந்திருக்கிறது. அந்தத் தரவைப் பொதுமக்களும் பதிவிறக்கலாம். இந்தக் கருவி சூரியனை நேராக நோக்கிப் பல அலைநீளங்களில் ஏஓடியை 0.01 முதல் 0.02 வரையிலான துல்லியத்தில் தருகிறது. புகையா புழுதியா என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. 440 நானோமீட்டரில் 0.80, 870-இல் 0.28 என்று வந்தால், இரண்டின் விகிதத்தின் மடக்கையை அலைநீள விகிதத்தின் மடக்கையால் வகுக்க 1.54 வரும். இது நுண்துகள், அதாவது புகை. 870-இலும் 0.70 என்றால் 0.2 வரும். அது புழுதி அல்லது கடலுப்பு போன்ற பருமனான துகள். இதற்கு ஆங்ஸ்ட்ரம் அடுக்கு என்று பெயர். நம் வானத்தில் ஒரு பொறி உண்டு: மெல்லிய சீரஸ் மேகம் கண்ணுக்குத் தெரியாமல் வடிகட்டியைத் தாண்டி வந்து ஏஓடியை உயர்த்தும், ஆங்ஸ்ட்ரம் அடுக்கைக் குறைக்கும். இந்த எண் திடீரென விழுந்தால் புழுதி என்று எழுதுவதற்கு முன் அகச்சிவப்புப் படத்தில் சீரஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனித் தரை. அடிப்படை அளவீடு வடிதாள்தான். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை 24 மணிநேரம் 47 மில்லிமீட்டர் டெஃப்லான் வடிதாள் வழியே இழுத்தால் 24 கன மீட்டர். காற்றில் 30 மைக்ரோகிராம் இருந்தால் தாளில் சேர்வது 0.72 மில்லிகிராம். இவ்வளவு சிறிய எடையை நம்ப வேண்டுமானால், எடை போடுமுன்னும் பின்னும் தாளை 24 மணிநேரம் 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைக்க வேண்டும். தரமான அளவீடு என்பதே உலர்ந்த துகளின் எடை. மலிவு உணர்கருவி அளப்பதோ ஈரத்தோடு ஊதிய துகளின் ஒளிச்சிதறல்.

வாரியம் தரும் இரண்டு எண்களையும், பிஎஸ்ஐ எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையும் ஒருமணிநேர பிஎம் 2.5 அளவையும், பிரித்துப் படிக்க வேண்டும். பிஎஸ்ஐ 24 மணிநேரச் சராசரி. 18 மணிநேரம் 15 ஆக இருந்த பிஎம் 2.5 கடைசி 6 மணிநேரம் 120-க்கு ஏறினால் சராசரி 41, பிஎஸ்ஐயில் 84, அதாவது 'மிதமான' அளவு. அந்த நேரத்தில் ஒருமணிநேர அளவோ 56 முதல் 150 வரையிலான இரண்டாம் நிலைக்குள் ஆழமாகப் போயிருக்கும். இப்போது வெளியே ஓடலாமா என்பதற்கு ஒருமணிநேர எண்ணையும், நாளைக்குத் திட்டமிட 24 மணிநேர முன்னுரைப்பையும் பாருங்கள். இரண்டும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களுக்கும் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சொந்தமாக உணர்கருவி ஒன்று வைக்க விரும்பினால் பிளான்டவர் பிஎம்எஸ்5003 என்ற லேசர் துகள் உணரி, அதைப் படிக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, எஸ்எச்டி31 ஈரப்பத உணரி, இவை போதும். பிஎம்எஸ்5003-க்கு மின்சாரம் 5 வோல்ட், தகவல் கம்பிகள் 3.3 வோல்ட். 9600 வேகத்தில் 32 பைட்டுகள் கொண்ட தொகுப்பு வரும். முதல் இரண்டு பைட்டுகள் 66, 77. கடைசி இரண்டு பைட்டுகள் முதல் 30-இன் கூட்டுத்தொகை. அது ஒத்துவராத தொகுப்பைத் தூக்கிப் போடுங்கள். இதைச் சரிபார்க்காத நிரல்களில்தான் நடு இரவில் 3,000 போன்ற எண்கள் வருகின்றன. உள்ளே இரண்டு வகை எண்கள் இருக்கும்: 'சிஎஃப்1', 'வளிமண்டல' அளவு. கன மீட்டருக்கு 30 வரை இரண்டும் ஒன்றே, அதற்கு மேல் பிரியும். திருத்தத்துக்கு எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பினால் முதல் 30 விநாடி அளவைச் சேர்க்காதீர்கள்.

இந்தக் கருவி காட்டும் பிஎம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்) எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பருமனான துகள்கள் அதன் குறுகிய வளைந்த பாதையில் லேசர் வரை வந்து சேர்வதே அரிது. அந்த எண் நுண்துகள் எண்ணிக்கையிலிருந்து ஊகித்தது. பக்கத்துக் கட்டுமானத் தளத்தின் புழுதியை இதை வைத்து அளந்து புகார் எழுதினால் நிற்காது.

எங்கே வைப்பது என்பதில் பாதி வெற்றி. அடுப்படிச் சன்னல் கூடாது, தாளிப்பு முழுவதும் தரவில் ஏறும். குளிரூட்டியின் வெளிப்பெட்டிக்கு அருகிலும் கூடாது, அந்தச் சூடான காற்று துகளை உலர்த்தி எண்ணைக் குறைக்கும். மழைச்சாரல் படாத, காற்றோட்டமுள்ள சன்னல் கம்பியில், உறிஞ்சும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, வெள்ளைச் சட்டகத்துக்குள் வையுங்கள். எறும்பும் சிலந்தியும் உள்ளே போகாமல் அகலக் கண்ணுள்ள கம்பிவலை போதும். நுண்வலை துகளையே பிடித்துவிடும்.

ஈரப்பதத் திருத்தம் இல்லாத எண் சிங்கப்பூரில் பயன்படாது. எளிய சூத்திரம் இது: ஈரப்பதத்தைப் பின்னமாக எழுதி, 1-ஐ அதால் வகுத்து, 1-ஐக் கழியுங்கள். துகளின் நீர் உறிஞ்சும் தன்மையைக் குறிக்கும் கப்பா என்ற எண்ணை 1.65-ஆல் வகுத்து, வந்ததை முன் கிடைத்த விடையால் வகுத்து, 1 கூட்டுங்கள். கருவி காட்டிய எண்ணை இதால் வகுக்க வேண்டும். கப்பா 0.2 என்று வைத்தால் 60 சதவீத ஈரத்தில் வகுக்க வேண்டியது 1.18, 85-இல் 1.69, 95-இல் 3.3. விடியற்காலையில் ஈரப்பதம் 95-ஐத் தாண்டும்போது சிறு பிழையும் பெருகிவிடும். அந்த நேரத் தரவை விட்டுவிடுவதே நேர்மை. எஸ்எச்டி31 துகள் உணரியின் வாயருகே இருக்க வேண்டும், கூடத்துச் சுவரில் அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, பர்பிள்ஏர் என்ற மலிவு உணர்கருவிகளுக்குத் தந்த திருத்தச் சமன்பாடு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அது அந்நாட்டுத் தரவிலிருந்து வந்தது, இங்கே அப்படியே ஒட்டாதீர்கள்.

கப்பாவை எப்படித் தேர்வது? இரண்டு வாரமாவது மணிநேரச் சராசரிகளைச் சேர்த்து, வட்டாரத்தின் ஒருமணிநேர அளவோடு ஒப்பிட்டு, ஈரம் மிகுந்த மணிகளிலும் குறைந்த மணிகளிலும் விகிதம் ஒன்றாக வரும்வரை கப்பாவை 0.1 முதல் 0.4 வரை மாற்றிப் பாருங்கள். வட்டார நிலையம் உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அதனால் காற்று நன்றாகக் கலந்த பிற்பகல் மணிகளுக்கே அதிக மதிப்புக் கொடுங்கள். திருத்தாத மூலத் தரவை எப்போதும் தனியே வைத்திருங்கள். புகைமூட்டம் வரும்போது துகளின் தன்மை மாறும், கப்பாவும் மாறும், பழைய தரவை மீண்டும் கணக்கிட வேண்டிவரும்.

புகைமூட்டக் காலமும் சீனர்களின் ஏழாம் மாதமும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று விழும். புளோக்கின் கீழே முன்னோர்களுக்கான படையல் தாள் எரிக்கும் மாலையில் உங்கள் கருவி 200 காட்டலாம், வட்டார அளவு 15-இல் இருக்கும். எண்ணின் வடிவத்தைப் பாருங்கள். பக்கத்துப் புகை சில நிமிடங்களில் ஏறி இறங்கி ஊசிமுனைகளாக வரும். சுமத்ராப் புகை மணிக்கணக்கில் மெதுவாக ஏறும், ஐந்து வட்டாரங்களிலும் சற்று முன்பின்னாகத் தெரியும். ஐந்து நிமிட இடைநிலை அளவை எடுத்தால் தனித்தனி ஊசிமுனைகளில் பெரும்பகுதி விழுந்துவிடும். சராசரியை எடுத்தால் விழாது.

புகை வரும் நாளில் பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முந்தைய இரவின் விர்ஸ் புள்ளிகள், ஆசியான் சிறப்பு வானிலை நிலையத்தின் காற்றுத் திசை வரைபடம், காலை ஹிமாவாரிப் படங்களை ஓடவிட்டுப் புகையின் முன்விளிம்பு நகரும் வேகம். விளிம்பு ஜொகூர் நீரிணையை எட்டியும் தரை எண் ஏறாவிட்டால் அது மேலடுக்கில் இருக்கிறது. காலை 8 மணி வானிலைப் பலூன் தரவில் தரையை ஒட்டிய தலைகீழ் வெப்பநிலை அடுக்கு (மேலே போகப் போக வெப்பம் கூடும் அடுக்கு) எந்த உயரத்தில் முடிகிறது என்று பாருங்கள். வெயில் ஏறி அந்த அடுக்கு உடையும்போது மேலே மிதந்த புகை கீழே கலக்கும். வெளி வேலையையோ பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சியையோ வைப்பதானால், அந்த நாளில் முற்பகல் 10 மணிக்குப் பின் ஒவ்வொரு ஒருமணிநேர எண்ணையும் பார்த்த பிறகே வையுங்கள்.