ஓடாத சாலையில் ஓடும் தண்ணீர்

கைவிடப்பட்ட நெடுஞ்சாலை, பாழடைந்த சுரங்கப்பாதை என்று இணையத்தில் தேடினால் வந்து குவிவதெல்லாம் பேய் வீடியோக்கள்தான். இருட்டு, அலறல், நடுங்கும் கேமரா. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. வண்டிகள் பறக்கும் சாலையில் நின்று எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. ஓட்டம் நின்றுபோன சாலையில்தான் குந்தி உட்கார்ந்து, தளத்தில் கைவைத்து, இதை எப்படிப் போட்டார்கள், எங்கே முதலில் விட்டுப்போனது என்று பார்க்கலாம். சாலைகளுக்கு வடிகால் வடிவமைப்பது என் வேலை. அதனால் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால் என் கண் முதலில் தேடுவது தண்ணீர் போன வழியை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பிரீஸ்வுட் என்ற ஊருக்குக் கிழக்கே, டர்ன்பைக் என்ற கட்டண நெடுஞ்சாலையின் பழைய துண்டு ஒன்று கிடக்கிறது. நீளம் சுமார் 21 கிலோமீட்டர். அதில் ரேஸ் ஹில், சைட்லிங் ஹில் என்று இரண்டு சுரங்கங்கள். இவற்றின் கதை சாலைக்கும் முந்தையது. 1880களில் வாண்டர்பில்ட், கார்னகி போன்ற பெரும் பணக்காரர்களின் பணத்தில் இந்த மலைகளின் ஊடே ஒரு ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். 1885இல் வங்கியாளர் ஜே.பி. மார்கன் தலையிட்டுப் போட்டி ரயில் நிறுவனங்களுக்குள் சமரசம் செய்துவைக்க, வேலை அப்படியே நின்றது. பாதி தோண்டிய சுரங்கங்கள் ஐம்பது வருடத்துக்கும் மேல் தண்ணீர் தேங்கிக் கிடந்தன. அப்புறம்தான் அவற்றை நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1940 அக்டோபர் 1 அன்று 257 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. ஏழு சுரங்கங்கள்; அவற்றில் ஆறு ரயிலுக்காகத் தொடங்கியவை.

சுரங்கத்துக்கு வெளியே சாலையில் போக நாலு, வர நாலு என்று இல்லை. இருபுறமும் சேர்த்து நான்கு தடம். சுரங்கத்துக்குள் இரண்டே தடம். சிக்கல் அங்கேதான். போக்குவரத்து பெருகப் பெருக சுரங்க வாய்களில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. 1960களில் நான்கு மலைகளில் பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம் குடைந்தார்கள். மற்ற மூன்று சுரங்கங்களை விட்டுவிட்டு மலையைச் சுற்றியும் வெட்டியும் புதுப்பாதை போட்டார்கள். லாரல் ஹில் 1964இல் போனது. ரேஸ் ஹில்லும் சைட்லிங் ஹில்லும் 1968இல். ரயிலுக்காகத் தோண்டினார்கள், கார் ஓடியது, இப்போது சைக்கிள் ஓடுகிறது.

நான் அங்கே போனது அண்ணன் மகனோடு. அவனும் சைக்கிள் பைத்தியம். ரேஸ் ஹில் சுரங்கத்தின் மேற்கு வாயில் வழியாக நுழைந்து, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கடந்து, கிழக்குப் பக்கம் வெளியே வந்தோம். திரும்பிப் பார்த்தவன் கேட்டான்: "அத்தை, அந்தப் பக்கம் வாசலுக்கு மேலே பெரிய கட்டடம் இருந்ததே, இந்தப் பக்கம் ஏன் ஒண்ணுமே இல்ல?"

அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்தக் கட்டடம்தான் ஃபேன் அறை. வண்டிப் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கினால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் வெளியிலிருந்து நல்ல காற்றை ராட்சத ஃபேன்கள் இழுத்து, சுரங்கக் கூரைக்கு மேலுள்ள அறைக்குள் தள்ளும். அங்கிருந்து துளைகள் வழியாகச் சாலைமேல் காற்று இறங்கும். ஏழு சுரங்கங்களில் ரேஸ் ஹில்தான் குட்டை. ஒரு முனையிலிருந்து ஊதினாலே அதற்குப் போதும். சைட்லிங் ஹில் 2 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே இரண்டு முனையிலும் ஃபேன் அறை உண்டு. தலைக்கு மேலே தெரிவது கூரை இல்லை, அது காற்று போகும் தளத்தின் அடிப்பாகம் என்று சொன்னேன். சைட்லிங் ஹில்லுக்குள் பையன் டார்ச்சை மேலே திருப்பியவன்தான், சுரங்கம் முடியும்வரை இறக்கவில்லை.

சைட்லிங் ஹில்லுக்குள் நுழைந்தால் மறுமுனை வெளிச்சம் தெரியாது. பேய் வீடியோக்காரர்களுக்குப் பிடித்த விஷயம் இது. காரணம் எளிது: சுரங்கத்தின் நடுப்பகுதி மேடு, இரண்டு பக்கமும் மெல்லிய சரிவு. மலைக்குள்ளிருந்து கசியும் தண்ணீர் நடுவில் தேங்காமல் இரு வாய்களையும் நோக்கி வடிய வேண்டுமே. சைக்கிளில் போனால் கால் அதைச் சொல்லிவிடும். பாதிவரை லேசாக மிதிக்க வேண்டியிருக்கும், அப்புறம் வண்டி தானாக உருளும். சுவரை ஒட்டிக் குனிந்து பார்த்தேன். கான்கிரீட் இணைப்புகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்து, தடித்து, ஓரத்துக் கால்வாய்வரை இறங்கியிருந்தது. கசியும் நீர் கான்கிரீட்டுக்குள்ளிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காற்றுப் பட்டதும் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளைக் கோடு எங்கே தடிமனோ அங்கே கசிவு பழையதாகவோ அதிகமாகவோ இருக்கும். விரலால் தொட்டால் சில இடம் கல்லாக இறுகியிருந்தது, சில இடம் இன்னும் ஈரமாக, மாவுபோல ஒட்டியது.

வெளியே திறந்த சாலையிலும் இதே பாடம்தான். தார்ப் பரப்பில் குறுக்காக, ஒழுங்கான இடைவெளியில், புல் வரிசை வரிசையாக முளைத்திருக்கிறது. யாரும் நட்டதில்லை. கீழே இருப்பது பழைய கான்கிரீட் பலகைகள். வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் அந்தப் பலகைகளின் இணைப்பு, மேலே போட்ட தாரிலும் அப்படியே வெடிப்பாக ஏறிவிடுகிறது. வெடிப்பில் தண்ணீர், தண்ணீரோடு மண், மண்ணில் விதை. தாரைப் பெயர்க்காமலேயே கீழே உள்ள தளத்தின் வரைபடத்தைப் புல் நமக்குப் போட்டுக் காட்டுகிறது. இதைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில் பையன் வெகுதூரம் போய்விட்டான்.

தண்ணீர் ஒரு சாலையை முழுதாகத் தோற்கடித்ததைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் மாம் டோர் மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். காசில்டன் கிராமத்துக்குப் பக்கத்தில் ஏ625 சாலை பழைய நிலச்சரிவு ஒன்றின் குறுக்கே போனது. மழைக்காலத்தில் மண்ணுக்குள் நீர் ஏறும்போதெல்லாம் சரிவு நகரும், சாலை பிளக்கும், திரும்பப் போடுவார்கள். 1979இல் போதும் என்று மூடிவிட்டார்கள். இன்று உடைந்த விளிம்பில் நின்று பார்த்தால் தார், ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி என்று ஆளுயரத்துக்கு அடுக்குகள் தெரிகின்றன. ஒவ்வொரு அடுக்கும் ஒரு பழுதுபார்ப்பு. இந்த வேலையில் இருக்கும் இளைஞர்கள் எல்லாரும் ஒருமுறை அந்த விளிம்பைப் பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அடியில் உள்ள நீரை வடிக்காமல் மேலே எத்தனை முறை தார் ஊற்றினாலும் நிற்காது என்பதை எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

எல்லாச் சாலைகளும் சாவதற்குத் தண்ணீர் காரணமில்லை, சரி. பென்சில்வேனியாவிலேயே சென்ட்ரேலியாவில் பூமிக்கடியில் நிலக்கரி 1962 முதல் எரிந்துகொண்டிருக்கிறது. மேலே போன 61ஆம் எண் சாலை அதனால் பிளந்தது. கைவிட்ட அந்தத் துண்டில் மக்கள் வண்ணம் பூசி எழுதித் தள்ள, கூட்டம் அதிகமாகி, 2020 ஏப்ரலில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். கூட்டம் கூடினால் இடம் கையைவிட்டுப் போகும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பாதைகளுக்கு மட்டும் போங்கள். வேலி இருந்தால் வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். ஹெல்மெட் கட்டாயம், கூரையிலிருந்து கான்கிரீட் சில்லு பெயர்ந்து விழும். ஆளுக்கு இரண்டு டார்ச். ஒரு முனை அடைபட்ட சுரங்கத்துக்குள் போகவே போகாதீர்கள், காற்று கெட்டிருந்தால் மூக்குக்குத் தெரியாது. குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்கும் இடங்களை விட்டுவிடுங்கள். தூக்கம் கலைந்தால் சேர்த்துவைத்த கொழுப்பு வசந்தம் வரும் முன்பே தீர்ந்து அவை செத்துப்போகும்.

டர்ன்பைக்கின் பழைய துண்டை முறையான சைக்கிள் பாதையாக மாற்ற வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்பேன்: எல்லாவற்றையும் வழவழப்பாகப் பூசிவிடாதீர்கள். புல் வரிசை தெரியும்படி ஒரு நூறு மீட்டர் பழைய தாரையும், சுரங்கத்துக்குள் வெள்ளை வழிந்த ஒரு சுவர்ப் பகுதியையும் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இது ஏன் இப்படி ஆனது என்று ஒரு பலகை வையுங்கள். பலகைக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.