உலகக் கோப்பை டிக்கெட்: குலுக்கலில் விழுந்தது, வங்கியில் போனது

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து நடத்தும் 2026 கால்பந்து உலகக் கோப்பையில், கனடாவின் டொராண்டோவில் நடக்கும் ஒரு குரூப் சுற்று ஆட்டத்துக்கு ஒருவழியாக டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தளத்தில் கணக்கு தொடங்குவது, ஆட்டத்தையும் இருக்கைப் பிரிவையும் தேர்ந்தெடுப்பது எல்லாம் சுலபம். வயிற்றெரிச்சல் அதற்கு அப்புறம்தான்.

நான் விண்ணப்பித்தது டிசம்பர் 11 முதல் ஜனவரி 13 வரை நடந்த குலுக்கலில். முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் வாய்ப்பு ஒன்றுதான், நடுராத்திரியில் கண்விழித்து உட்கார வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் மட்டும் 50 கோடிக்கும் மேல் கோரிக்கைகள் வந்ததாக ஃபிஃபா சொன்னது. இருக்கும் டிக்கெட்டோ 60, 70 லட்சம். கிடைக்காமல் போயிருந்தால்கூட வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் எனக்குக் கிடைத்துத் தொலைத்தது!

குலுக்கலில் பெயர் வந்தால் கார்டிலிருந்து பணம் தானாக எடுக்கப்படும், நம்மைக் கேட்டுவிட்டு எடுக்க மாட்டார்கள். பிப்ரவரியில் அப்படி எடுக்க வந்தபோது என் வங்கி அதைச் சந்தேகத்துக்குரியது என்று தடுத்துவிட்டது. ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. டிக்கெட் போனது தெரிந்த பிறகு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, காத்திருப்பு இசையை மனப்பாடம் ஆகும்வரை கேட்டேன்.

"உங்க பாதுகாப்புக்காகத்தான் சார் நிறுத்தியிருக்கோம்."

"வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணித்தானே வெச்சிருந்தேன்?"

"ஆன்லதான் சார் இருக்கு. ஓடிபி இல்லாம வந்ததால சிஸ்டம் நிறுத்திடுச்சு. அவங்களை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க சார்."

ஏதோ பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புவது போல! இனி இதுபோன்ற குலுக்கலில் விண்ணப்பிக்கிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள்: ஆப்பில் ஆன் என்று காட்டுவதை நம்பாமல், ஓடிபி இல்லாத வெளிநாட்டுத் தொகை இந்தக் கார்டில் போகுமா என்று வங்கியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது.

அப்புறம் வேறு வழியில்லாமல் ஃபிஃபாவின் அதிகாரப்பூர்வ மறுவிற்பனைப் பக்கம். இங்கேதான் நியாயம் என்ற சொல்லே காணாமல் போகிறது. ஒருவர் தன் டிக்கெட்டுக்கு 100 டாலர் விலை வைத்தால் வாங்குகிறவர் 115 கட்ட வேண்டும், விற்றவர் கைக்குப் போவது 85. இரண்டு பக்கமும் 15 சதவீதம், நடுவில் 30 டாலர் ஃபிஃபாவுக்கு. முதல் விற்பனையில் முழு விலையையும் வாங்கியாயிற்று, அதே இருக்கைக்கு மறுபடியும் வசூல். நான் வாங்கியபோது விலைக்கு உச்சவரம்பும் இல்லை. மெக்சிகோவில் வசிப்பவர்களுக்கு மட்டும் முதல் விற்பனை விலைக்கே கைமாற்றும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே முடிகிறது என்றால் மற்ற இடங்களில் ஏன் முடியாது?

இதையெல்லாம் பார்க்கும்போது 1994 நினைவுக்கு வராமல் இருக்காது. அப்போதும் அமெரிக்காவில்தான் உலகக் கோப்பை, டிக்கெட் விலை 25 டாலரில் தொடங்கி 475-இல் முடிந்தது. இந்தத் தடவை டிசம்பரில் அணிகளின் ரசிகர்களுக்கு ஒதுக்கிய இறுதி ஆட்ட டிக்கெட்டிலேயே மலிவானது 4,185 டாலர். ரசிகர் அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் அறிவித்தார்கள். அதுவும் அந்தந்த நாட்டுச் சங்கங்கள் வழியாக, அணியின் பின்னாலேயே அலையும் விசுவாசிகளுக்கு. நம் நாடு தகுதி பெற்றால் அல்லவா நமக்கு அந்தப் பேச்சு.

மறுவிற்பனையில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: முதலில் கண்ணில் படும் விலைக்கு மயங்கக் கூடாது, பணம் கட்டும் பக்கம்வரை போய்க் கடைசித் தொகையைப் பாருங்கள். ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து வரிசைக்கு இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பலர் ஆசைக்கு ஒரு விலை போட்டுவிட்டு, விற்காமல் போனால் இறக்குகிறார்கள். நான் குறி வைத்திருந்த ஒன்று அப்படி இறங்கிக்கொண்டே வந்து, முதல் விற்பனை விலையை ஒட்டி நின்றபோது பிடித்தேன். கட்டணத்தோடு சேர்த்தால் கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை.

பணம் கட்டியது மச்சானின் கார்டில். அவருடையது வேறு வங்கி. ஓடிபி வந்தது, போட்டேன், போய்விட்டது. என் வங்கியிடமிருந்தும் அடுத்த வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.