நவம்பர் நடுவில் ஸ்கீ: கொலராடோவில் எந்த மலை?

சீசன் தொடக்கத்தில் ஸ்கீ ரிசார்ட்டுகளின் வரைபடம் வெறும் ஏட்டுச் சுரைக்காய். மலை முழுக்க லிஃப்ட் கோடுகள், பச்சை, நீலம், கறுப்பு என்று நூற்றுக்கு மேல் ரன்கள், அதாவது சறுக்குப் பாதைகள். பச்சை சுலபம், நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். நவம்பர் நடுவில் போய் நின்றால் அதில் இரண்டோ மூன்றோதான் திறந்திருக்கும். இரண்டு பக்கமும் பழுப்புப் புல், நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. அதில்தான் ஊரே சறுக்கிக்கொண்டிருக்கும்.

சனி, ஞாயிறோடு வெள்ளியையும் சேர்த்துக் கொலராடோவுக்கு ஒரு சின்ன ஓட்டம் போய்வரலாம் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. போகிறவர்களில் மூன்று ரகம். நான் நீல ரன்களில் சமாளிப்பவன். மனைவி போன சீசனில்தான் கற்றுக்கொண்டாள், பச்சை ரன் போதும் என்பாள். நண்பனுக்குக் கறுப்பு இல்லாவிட்டால் தூக்கம் வராது.

"பிரெக்கன்ரிட்ஜ்தான்டா பெருசு. அங்கேயே போயிடலாம்" என்றான் அவன்.

"பெருசா இருந்து என்னங்க, திறந்திருக்கறது எவ்வளவுன்னு பாருங்க" என்றாள் மனைவி என்னிடம்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. பிரெக்கன்ரிட்ஜின் பெருமையே இம்பீரியல் எக்ஸ்பிரஸ் லிஃப்ட். 12,840 அடி வரை ஏற்றிவிடும், வட அமெரிக்காவிலேயே உயரமான நாற்காலி லிஃப்ட் அதுதான். ஆனால் அது மரங்களே இல்லாத, காற்று பிய்த்துக்கொண்டு போகும் உச்சியில் இருக்கிறது. இயற்கைப் பனி போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் ஓடும். அங்கே சிகரங்களுக்கு எண்தான் பெயர். நவம்பரில் போகிறவர்களுக்கு எட்டாவது சிகரத்தின் அடிவாரப் பக்கம்தான் கிடைக்கும். பழைய சுரங்க ஊர், கடைத்தெரு அழகு, எல்லாம் உண்மை. அதற்கு ஸ்கீ எதற்கு?

காப்பர் மவுண்டன் எங்களைப் போன்ற கலவைக் கூட்டத்துக்காகவே செய்த மலை. கடினமான ரன்கள் கிழக்கே, சுலபமானவை மேற்கே என்று இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது. ஜனவரியில் என்றால் யோசிக்காமல் அங்கே போயிருப்போம். ஆனால் சீசன் தொடக்கத்தில் அமெரிக்க ஸ்கீ அணி உட்படப் பந்தய வீரர்கள் பயிற்சிக்கு வருவது காப்பருக்குத்தான். முழு நீள டவுன்ஹில் பந்தயப் பாதையை அவர்களுக்காக நவம்பரிலேயே தயார் செய்கிறார்கள். வலைக்கு அந்தப்புறம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறப்பவர்களை வேடிக்கை பார்க்கலாம். நமக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்.

அப்புறம் உயரம். மேலே போகப் போகக் குளிர் கூடும், பனி நிற்கும். அரப்பஹோ பேசினின் அடிவாரமே 10,780 அடி. லவ்லேண்ட் அதைவிடக் கொஞ்சம் கூட, 10,800. அமெரிக்காவில் முதலில் திறப்பது யார் என்று ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் போட்டியில் இந்த இரண்டு பெயர்களும் தவறாமல் இருக்கும். ஆனால் இரண்டிலும் முதலில் திறப்பவை நீல ரன்கள். கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவுகளுக்குப் பனி பிறகுதான் வரும். உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் மனைவி அடிவாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கீஸ்டோனின் அடிவாரம் 9,280 அடி. இந்தப் பட்டியலில் அதுதான் தாழ்வு. நியாயமாக முதலில் கழித்துவிட வேண்டிய மலை. ஆனால் அங்கே செயற்கைப் பனிக்கு ஏகப்பட்ட பணம் போட்டிருக்கிறார்கள். 2019இல் கருவிகளைப் புதுப்பித்து, அந்த வருடம் அக்டோபர் 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். முக்கியமாக, சீக்கிரம் திறக்கும் ரன்களில் ஸ்கூல்மார்ம் இருக்கிறது. டெர்கம் மலையின் உச்சியிலிருந்து மைல் கணக்கில் வளைந்து வளைந்து இறங்கும் பச்சை ரன். புதிதாகக் கற்றவர்கள் நவம்பரில் மலை உச்சிக்குப் போய் அடிவாரம் வரை சறுக்கி வருவது அபூர்வம். சனிக்கிழமை கீஸ்டோன் என்று அதோடு முடிவாயிற்று.

செயற்கைப் பனி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், வானிலை பார்க்கும்போது உதவும். தண்ணீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் சேர்த்துத் துளித்துளியாக வானத்தில் பீய்ச்சுகிறார்கள், கீழே விழுவதற்குள் அது உறைய வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் துளியின் ஒரு பகுதி ஆவியாகி மிச்சத்தைக் குளிரவைக்கும். அதனால் வெப்பமானி பூஜ்யத்துக்கு மேல் ஓரிரண்டு டிகிரி காட்டினாலும் கொலராடோ மாதிரி வறண்ட இடத்தில் பனி தயாரிக்க முடியும். ஈரக்காற்று உள்ள இடத்தில் அதே டிகிரியில் வெறும் தண்ணீர்தான் விழும். ஆகவே நவம்பர் பயணத்துக்கு நான் பார்த்தது பனிப்பொழிவு எத்தனை அங்குலம் என்பதை அல்ல. கிளம்புவதற்கு முந்தைய வாரத்து இரவுகள் எவ்வளவு குளிராக இருந்தன என்பதைத்தான். கூடவே ரிசார்ட்டின் வெப்கேமரா. அடிவாரக் கேமராவில் பட்டையின் ஓரம் மண் தெரிகிறதா என்று பார்த்தால் விளம்பர வாசகம் எதுவும் தேவைப்படாது.

தங்குவதற்கு எந்த மலையடியிலும் அறை போடவில்லை. டிலன், சில்வர்தார்ன், ஃபிரிஸ்கோ மூன்றும் ஒரே ஏரியைச் சுற்றி இருக்கும் சிற்றூர்கள். மேலே சொன்ன ஐந்து மலைகளும் அங்கிருந்து காரில் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள். சம்மிட் ஸ்டேஜ் என்ற இலவசப் பேருந்தும் ஓடுகிறது. இதனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே என்பதைச் சனிக்கிழமை சாயங்காலம் வரை தள்ளிப்போட முடிந்தது. டிக்கெட்டை மலையடியில் வாங்கினால் விலை கூடுதல், முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் குறைவு. அதனால் கீஸ்டோனுக்கு மட்டும் முன்பே வாங்கினோம். சீசன் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை: எபிக் என்றால் கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ்; ஐகான் என்றால் காப்பர், அரப்பஹோ பேசின். லவ்லேண்ட் இரண்டிலும் சேராது.

முதல் இரவு 9,000 அடிக்கு மேல் தூங்கினால் தலைவலி உறுதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் லாபம்.

கீஸ்டோனில் லிஃப்ட் திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். காலை முதல் ஒரு மணி நேரம் அருமை. இயந்திரம் இரவில் கோடு கோடாக இழுத்துவிட்ட பனி அப்படியே இருந்தது, மனைவி நிதானமாக, ஒவ்வொரு வளைவையும் முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினாள். வழியில் செயற்கைப் பனி பீய்ச்சும் ஸ்னோ கன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜெட் இஞ்சின் மாதிரி சத்தம். அதன் கீழே போகும்போது கண்ணாடியில் பொடிப்பொடியாக வந்து ஒட்டும். கையுறையால் துடைத்தால் போச்சு, இழுபட்டு ஒரே பனித்தகடாக உறைந்துவிடும். துடைக்காமல் தலையைக் குனிந்து கடந்துபோய், நின்று, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

பதினோரு மணிக்கெல்லாம் கதை மாறிவிட்டது. நடுவில் பனி சுரண்டப்பட்டுச் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஐஸ் தெரிந்தது, ஓரங்களில் சர்க்கரை மாதிரி குவியல். ஸ்கீயின் விளிம்பு அந்த ஐஸைத் தொடும்போது வரும் கர்ரென்ற ஒலியைக் கேட்டாலே முழங்கால் இறுகும். கூட்டம் வேறு. ஆறு வயதுக் குழந்தைகள், முதல் தடவை ஸ்னோபோர்டு மாட்டியவர்கள், சீசனின் முதல் நாளென்று வெறியோடு வந்த வேகக்காரர்கள், எல்லாருக்கும் ஒரே பட்டை. கீழே இருப்பவருக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் பின்னால் வருபவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நம்பி நடுப்பாதையில் நிற்கக் கூடாது. நண்பன் காலையிலேயே சலித்துப்போய் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான். நாங்கள் ஒரு மணிக்கு ஸ்கீயைக் கழற்றிவிட்டோம். நவம்பரில் அரை நாள் போதும், மதியத்துக்கு மேல் நிழல் விழுந்தால் அந்த ஐஸ் இன்னும் கெட்டியாகும்.

அன்று இரவு மேலே லேசாகப் பனி பெய்தது. மனைவி, "நான் ஏரிக்கரையில நடந்துட்டு வரேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று எங்களை அவிழ்த்துவிட்டாள். அரப்பஹோ பேசினுக்குப் போனோம். பிளாக் மவுண்டன் எக்ஸ்பிரஸ் லிஃப்டில் ஏறி, ஹை நூன் ரன்னில் இறக்கம். கீஸ்டோனைவிடச் சரிவு அதிகம், பனி உலர்ந்து கீச்சுக்கீச்சென்றது. நண்பனின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் யாரும் தொடாத புதுப்பனி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் அதிலிருந்து மரக்கட்டை ஒன்றின் முனை விரலளவு மட்டும் வெளியே தெரிந்தது. தெரியாதவை எத்தனையோ. மூடிய ரன்னுக்குள் கயிற்றைத் தாண்டிப் போவது கொலராடோவில் சட்டப்படியே குற்றம். திறந்த ரன்னிலும் கல் தட்டும். அதனால் இந்தப் பருவத்தில் புது ஸ்கீயைக் கொண்டுபோகாமல் பழையதையோ வாடகைக்கு எடுத்ததையோ மாட்டுவது நல்லது.

கூடக் கற்றுக்குட்டி யாரும் இல்லையென்றால் என் தேர்வு லவ்லேண்ட். முதலில் திறக்கும் ரன் உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரு மைலுக்கு மேல் வரும். பெரிய பாஸ்கள் செல்லாது, ஆகவே கூட்டமும் அவ்வளவு இல்லை. டென்வரிலிருந்து வரும்போது ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு முன்பே வந்துவிடும். அந்தச் சுரங்கமே ஸ்கீ மலைக்கு அடியில்தான் போகிறது. நவம்பர் நான்காவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய வாரம் போய்விடுங்கள். அதற்குப் பிறகு ரன்களும் கூடும், கூட்டம் அதைவிட வேகமாகக் கூடும்.

கார் வாடகைக்கு எடுக்கும்போது டயரைக் குனிந்து பாருங்கள். ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை சரியான டயரோ நான்கு சக்கர இயக்கமோ, இல்லையென்றால் டயருக்கான சங்கிலியோ கட்டாயம். ஞாயிறு மதியம் ஆனதும் மலையில் இருக்கும் அத்தனை பேரும் அதே சாலையில் டென்வர் பக்கம் இறங்குவார்கள். நாங்கள் பதினொன்றரைக்கே மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இன்னொரு ரவுண்டு போயிருக்கலாம் என்று நண்பன் விமான நிலையம் வரை புலம்பிக்கொண்டே வந்தான்.