மழை – 18,500

மே 5, 2025, திங்கள்

எம்.பி.ஏ. முதலாண்டு முடிந்து எட்டு வார இன்டர்ன்ஷிப். வகுப்பில் பாதிப் பேர் வங்கிகளுக்குப் போக, எனக்கு வாய்த்தது சாலிகிராமத்தில் ஒரு சினிமாத் தயாரிப்பு நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவு. மாடிப்படிச் சுவரெல்லாம் பட போஸ்டர். எங்கள் அறையில் மட்டும் தினசரிக் காலண்டர்.

முதல் வேலை, ஒரு பை நிறைய வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்குவது. அரிசி வந்த பை. "தேதியை மட்டும் பாரும்மா, படிக்க ஆரம்பிச்சா முடியாது" என்றார் சீனியர் அக்கா. படித்தேன். "சேவல் வாடகை 2 நாள் – 1,600." "பக்கத்து வீட்டு நாய் குரைக்காமல் இருக்க – 300." முந்நூறு யாருக்குப் போனது என்று எழுதவில்லை.

மே 8, வியாழன்

"மழை – 18,500." கீழே புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணன் கையெழுத்து, ரெவென்யூ ஸ்டாம்ப். வேறு ஒரு வார்த்தை இல்லை. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று டேலி கணக்கு மென்பொருளில் சஸ்பென்ஸில், அதாவது எதில் சேர்ப்பதென்று தெரியாததைப் போட்டுவைக்கும் கணக்கில், தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் பார்த்த அக்கா சிரிக்கவில்லை. மழைக் காட்சிக்குத் தண்ணி லாரியும் மோட்டாரும் வந்த கணக்காம் அது. அவருடைய கவலை வேறு: ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், 40ஏ(3) பிரிவின்படி வருமான வரியில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. அண்ணனுக்கு போன் போட்டார். "ரெண்டு தேதி போட்டு ரெண்டு வவுச்சரா எழுதிரட்டுமாம்மா?"

"எழுதுங்கண்ணே. ஆடிட்டர் கேக்கும்போது நீங்களே வந்து பதில் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம்தான் விஷயம் வந்தது. லாரி மூன்று, மூன்றும் வேறு வேறு ஆளுடையது, ஆளுக்கு 4,500. மோட்டார்காரருக்கு 5,000. யாருக்குமே பத்தாயிரத்தைத் தொடவில்லை. அண்ணன்தான் நாலு பேரையும் சேர்த்து "மழை" ஆக்கிவிட்டார். நாலு கையெழுத்து வாங்கிவர நாலு நாள் ஆகுமாம்.

மே 13, செவ்வாய்

காஸ்ட்யூம் டிசைனர் ஒருவர் போன் செய்தார். நான் எடுத்திருக்கக் கூடாது. "தங்கச்சி, 60,000க்கு பில் போட்டா 48,000தான் வந்திருக்கு. வழக்கமா ஆறாயிரம்தானே பிடிப்பீங்க?" சினிமாக் கலைஞர்களுக்குப் பணம் கொடுக்கும்போதே நாங்கள் பிடிக்கும் வருமான வரி 194ஜே பிரிவில் 10 சதவீதம்தான். ஆனால் அவருடைய பேன், அதாவது வருமான வரி எண், ஆதாரோடு இணைக்கப்படவில்லை. அப்படியென்றால் 20. சொன்னேன். "ஓஹோ" என்று வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மே 20, செவ்வாய்

ஜிஎஸ்டி 3பி, மாதாந்திர ரிட்டர்ன். கடைசி நாள். எழுத ஒன்றுமில்லை. கிளம்ப மணி ஒன்பதாகிவிட்டது.

மே 23, வெள்ளி

அடுத்த படம் கிறிஸ்துமஸுக்கா பொங்கலுக்கா என்று முதலாளி அறையில் பேச்சு. தியேட்டர் கிடைக்குமா, எதிரில் யார் படம் என்றுதான் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஆடிட்டரோ மேஜைக் காலண்டரை எடுத்து நாள் எண்ணிக்கொண்டிருந்தார். வருமான வரி விதி 9ஏ: நிதியாண்டு முடிய குறைந்தது 90 நாளுக்கு முன்பே படம் வெளியாகியிருந்தால் தயாரிப்புச் செலவு முழுவதையும் அந்த ஆண்டே கழிக்கலாம். இல்லையென்றால் அந்த ஆண்டில் படத்துக்கு வந்த வருமானம் வரைக்கும்தான். மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஜனவரி 14லிருந்து மார்ச் 31 வரை எப்படி எண்ணினாலும் 77ஐத் தாண்டவில்லை.

முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரி சார். பொங்கலுக்கே விட்டுருவோம்."

மே 28, புதன்

படிவம் 52ஏ. படத்துக்காக 50,000 ரூபாய்க்கு மேல் யார் யாருக்குக் கொடுத்தோமோ அத்தனை பேரையும் பேனோடு பட்டியலிட்டு வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும். 31ஆம் தேதிக்குள் பிடித்த வரிக்கான காலாண்டுக் கணக்கு, 26க்யூ வேறு. அம்மா தினமும் போனில் "யாரையாச்சும் பாத்தியா?" என்கிறாள். பார்த்தேன். ஹீரோவை, பேன் கார்டு ஜெராக்ஸில். அதில் அவரும் நம்மைப் போலத்தான் இருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

பேட்டா (தினப்படி) கவர்களோடு ஈ.சி.ஆர். பங்களா ஷூட்டிங்குக்கு என்னை அனுப்பினார்கள். கவர் கொடுத்து ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டும். பன்னிரண்டு கவர்தான் கொடுத்திருப்பேன், நாலு மணிக்கு வானம் கறுத்துக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. லைட்மேன்கள் தார்ப்பாயோடு ஓடினார்கள். ஜெனரேட்டர் வண்டிக்கு அடியில் ரெஜிஸ்டரைச் சுடிதார் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒதுங்கிய கேமரா உதவியாளரிடம் கேட்டேன்: "மழை சீனை இப்பவே எடுத்துரலாமேண்ணா? லாரிக் காசு மிச்சம்." அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நிஜ மழை கேமராவில் சரியாகத் தெரியாதாம். துளி பெரிதாக விழ வேண்டும், பின்னாலிருந்து லைட் அடிக்க வேண்டும். "இது சும்மா நனையத்தான் ஆகும்."

ஐந்தரைக்கு பேக்கப். பாதி நாள் வேலை நடக்கவில்லை என்றாலும் பேட்டா முழுசாகத்தான். கேமரா வாடகையும் அப்படியே. ரெஜிஸ்டரில் ஏழு கையெழுத்து கரைந்துவிட்டது. ஏழு பேரையும் திரும்பப் பிடித்து வாங்கினேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்றைய செலவை ஏற்றி, நரேஷனில், அதாவது செலவுக் குறிப்பில், "மழை" என்று அடித்தேன். பின்னால் நின்று பார்த்த அக்கா சொன்னார்: "எந்த மழைன்னு எழுதும்மா. நிஜ மழையா, நம்ம மழையா? ஆடிட்டர் கேப்பார்."