கண்ணைத் தெறந்து வச்சிருக்கறவன் லைட்டைப் புடி

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணேன்னு நம்ம ஸ்கூல் பழைய மாணவர் சங்கத்துலேர்ந்து மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஷிப்ட் இருக்கு, லீவு இல்லன்னு நானும் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இந்த வருஷம் ஆவணியில நம்ம கணக்கு சார் காலமாயிட்டார்னு குரூப்புல சேதி வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல. இனிமே தள்ளிப் போட்டா யாருக்காக எழுதுறதுன்னு தோணிடுச்சு, அதான் உக்காந்துட்டேன்.

சார் பேரைப் போடல. கணக்கு சார்னு சொன்னா நம்ம செட்டுக்கு ஒருத்தரைத்தான் தெரியும், கிறிஸ்மஸுக்கு வீடு வீடா பாடிக்கிட்டுப் போற கேரலை நடத்துனவர், அதனால கேரல் சார்னு சொன்னா நமக்கு பத்து வருஷம் பின்னாடி படிச்சவங்களுக்கும் தெரியும். அந்த வெள்ளைச் சட்டை, முழங்கை வரைக்கும் மடிச்ச கை, ஹெர்குலிஸ் சைக்கிள். அது போதும்.

நம்ம கூட படிச்ச பல பேருக்கே எங்க வீட்டு விஷயம் முழுசா தெரியாது, இப்ப சொல்றேன். எங்க வீட்டுல சாமி கிடையாது. மாடத்துல விளக்கு வைப்போம், அது வெளிச்சத்துக்கு. அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்துல இருந்தவர், தாத்தா பண்ணையாள், சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்குன தலைமுறை. ஊர்ல பாதி வீட்டுல பெரியார் படம், பாதி வீட்டுல லெனின் படம், எங்க வீட்டுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்கும். டிசம்பர் 24 பெரியார் காலமான நாள். மறுநாள் 25 எல்லாருக்கும் கிறிஸ்மஸ், எங்களுக்கு வெண்மணி.

இங்க சிங்கப்பூர்ல பொறந்த நம்ம புள்ளைங்களுக்காக இதைக் கொஞ்சம் எழுதணும், கேட்டா தெரியலங்கறாங்க. 1968 டிசம்பர் 25 ராத்திரி. அப்ப ஒண்ணா இருந்த தஞ்சாவூர் ஜில்லா, கீழ்வெண்மணி. கூலி நெல்லைக் கொஞ்சம் ஏத்திக் கேட்டாங்க, சங்கத்துக் கொடியை எறக்க மாட்டோம்னு நின்னாங்க, அவ்வளவுதான் குத்தம். மிராசுதாருங்களோட அடியாளுங்க வந்து தொரத்த, ஓட முடியாத பொம்பளைங்களும் புள்ளைங்களும் வயசானவங்களும் ஒரு சின்னக் குடிசைக்குள்ள போயி ஒண்டிக்கிட்டாங்க. வெளியில பூட்டி தீ வச்சாங்க. 44 பேர். கேஸ் நடந்துச்சு, கீழ்க்கோர்ட்டுல தண்டனை கொடுத்தாங்க, அப்பீல்ல ஹைகோர்ட் மிராசுதாருங்களை விட்டுடுச்சு. அப்ப எனக்கு ஒரு வயசு. அப்பா மறுநாள் காலையில அங்க போயி பாத்தவர். என்ன பாத்தார்னு சாகற வரைக்கும் எங்ககிட்ட சொன்னதில்ல. கீத்து எரியுற வாசம் எங்கேர்ந்தாவது வந்தா மட்டும் சோத்துல வச்ச கையோட எந்திரிச்சு வெளிய போயிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் என்னை நாகப்பட்டினத்துல மிஷன் ஸ்கூல்ல கொண்டாந்து சேத்தார், படிப்பு நல்லாருக்கும், ஹாஸ்டல்ல சோறு போடுவாங்கன்னு. சேத்துட்டு கேட்டுக்கிட்ட நின்னு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "பாட்டு பாடச் சொன்னா பாடு. கையைக் கூப்பச் சொன்னா கூப்பு. பெரியவங்க சொல்றதுக்கு மரியாதை கொடு. கண்ணை மட்டும் மூடாத."

அந்த வார்த்தையைப் புடிச்சுக்கிட்டேன். ஆறாவதுலேர்ந்து ரெண்டு வருஷம் காலை ஜெபத்துல கண்ணைத் தெறந்துக்கிட்டே நின்னேன், யாரும் கவனிக்கல. எட்டாவதுல, 1980, டிசம்பர் மொத வாரம், ஒரு வாத்தியார் பாத்துட்டார். அவர் யாருங்கறது வேணாம், அவரும் இப்ப இல்ல. எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு ஏன்டா மூடலன்னார். அப்பா மூடக் கூடாதுன்னார் சார்னு நெசத்தைச் சொன்னேன். ஒங்கப்பன் என்ன பண்றான்னார். சொன்னேன். அதுக்கப்புறம் அவர் எங்க அப்பாவைப் பத்தியும் எங்க தெருவைப் பத்தியும் சொன்னதை இங்க எழுத மாட்டேன், அன்னிக்கு அந்த லைன்ல நின்னவங்க காதுல இன்னும் இருக்கும். பெல் தூணுக்குப் பக்கத்துல முட்டி போட வச்சாங்க. செம்மண்ணு, பொடிக்கல்லு. சாப்பாட்டு பெல் அடிக்கிற வரைக்கும். ஒவ்வொரு பீரியடுக்கும் கிளாஸ் மாறுறப்ப பையனுங்க என்னைத் தாண்டிப் போனானுவ. முட்டி வலிச்சது கொஞ்சம்தான். அப்பா பேரைச் சொல்லி சிரிச்சது ஆறல. சில பேரு நம்ம சங்கத்துலயே இருக்கீங்க, அப்ப எல்லாருக்கும் பதிமூணு வயசு, நான் மனசுல எதுவும் வச்சுக்கல.

மத்தியானம் கணக்கு சார் வந்தார். எழுந்திரிடான்னார். தூக்கி விடல, நானா எந்திரிக்கிற வரைக்கும் நின்னார். கொழாயடிக்கு கூட்டிட்டுப் போயி முட்டியைக் கழுவச் சொல்லிட்டு, என்ன ஏதுன்னு கேட்டார். வெண்மணி வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசல. கர்சீப்பை நனைச்சு கொடுத்தார். அப்புறம், "ராத்திரி ஏழு மணிக்கு கேரலுக்கு வந்துடு. ஒனக்குப் பாட்டு வேணாம். கண்ணைத் தெறந்து வச்சிருக்கறவன்தான் லைட்டைப் புடிக்கணும்" அப்படின்னார்.

பெட்ரோமாக்ஸ் பத்த வைக்க அன்னிக்கு சாயங்காலமே சொல்லிக் கொடுத்தார். மேண்டில்ங்கற அந்தத் துணி வலையை நூலைச் சுருக்கி கட்டணும், ஒரு பக்கம் இழுத்தாப்புல இருந்தா கிழிஞ்சுடும். சின்னக் கிண்ணியில ஸ்பிரிட்டு ஊத்தி பத்த வச்சு, கொழா நல்லா காயுற வரைக்கும் பொறுத்துக்கணும், அவசரப்பட்டு பம்ப் அடிச்சா மண்ணெண்ணெய் பச்சையா பீச்சி மேல தீ ஏறிடும். காஞ்சப்புறம் மெதுவா பம்ப் அடிக்க அடிக்க, குப்புன்னு ஒரு சத்தம், மேண்டில் வெள்ளையா ஊதிக்கிட்டு நிக்கும். ஒரு தடவ எரிஞ்ச மேண்டில் வெறும் சாம்பல்தான், விரல் பட்டா பொலபொலன்னு கொட்டிடும், நடக்கறப்ப குலுங்கக் கூடாது. சும்மாடு வச்சு தலையில தூக்கிக்கிட்டு நான் முன்னாடி, பின்னாடி முப்பது பேரு பாடிக்கிட்டு. வெளிப்பாளையம், பப்ளிக் ஆபீஸ் ரோடு, ஒரு நாள் அக்கரைப்பேட்டை. மார்கழிப் பனி, தலைக்கு மேல உஸ்ஸுன்னு அந்தச் சத்தம், கன்னத்துல சூடு. அக்கரைப்பேட்டையில மாரியம்மன் கும்புடுற வீட்டுலயும் எங்களை நிக்க வச்சு சுக்குக் காபி கொடுப்பாங்க. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைன்னா சார் தாளத்தைத் தொடையில தட்டிக்கிட்டு, இழுக்காதீங்கடா, இது கர்நாடக ராகம்டாம்பார். பாட்டு எனக்குப் புடிச்சிருந்துச்சு. நம்பிக்கை வரல, இன்னிக்கு வரைக்கும் வரல, ஆனா அந்தப் பாட்டுல ஒண்ணு வந்தா இப்பவும் கழுத்து தானா நிமிர்ந்துக்கும், தலையில வெயிட் இருக்கற மாதிரி.

கிறிஸ்மஸ் கதையை அவர் சொன்ன மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்ல. பைபிள்ல தேதியே கிடையாதுடா, 25ங்கறது பின்னாடி வச்சதுன்னு கிளாஸ்லயே சொல்லுவார். தேதி முக்கியமில்ல, ஆளைப் பாருங்கம்பார். புள்ளைத்தாச்சிப் பொம்பளைக்கு சத்திரத்துல இடமில்லன்னுட்டாங்க. ராஜாவுக்கும் தெரியாது, கோயில் பெரியவங்களுக்கும் தெரியாது, மொத சேதி யாருக்குப் போச்சு? ராத்திரி கண்ணு முழிச்சு ஆட்டுக் கிடை காத்துக்கிட்டிருந்த கீதாரிங்களுக்கு. தை அறுப்பு முடிஞ்சு ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து நம்ம வயல்ல கிடை போட வருவாங்களே, அவங்களைத்தான் சொல்றேன்டாம்பார். சொல்லிட்டு என்னைப் பாப்பார். நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்.

அந்த வருஷம் 23ந் தேதியே ஊருக்கு வந்துட்டேன். 25ந் தேதி வழக்கம் போல அப்பா கூட வெண்மணி. கொடி, கோஷம், மேடை, வெயில். சுமார் பதினோரு மணி இருக்கும், கூட்டத்துக்கு வெளியில, வேலி ஓரத்துல, ஹெர்குலிஸ் சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு சார் நிக்கிறார். கிறிஸ்மஸுக்கு எடுத்த புதுச் சட்டை, மடிப்பு கூட கலையல, முதுகு பூரா வேர்வை. நாகையிலேர்ந்து மிதிச்சே வந்திருக்கார். ராத்திரி கோயில், காலையில கோயில், பண்டிகைச் சாப்பாட்டை வீட்டுல விட்டுட்டு வந்திருக்கார். கிட்ட போயி சார்னேன். வா தம்பின்னார். ஸ்கூல்ல ஒரு நாளும் தம்பின்னு கூப்பிட்டதில்ல.

கூட்டம் கலைஞ்சப்புறம் நினைவுத் தூணுகிட்ட போனார். பேருங்களை ஒண்ணொண்ணா படிச்சார், சத்தமில்லாம, ஒதடு மட்டும் அசையுது. அவசரமே இல்ல. ஒரே குடும்பத்துப் பேருங்க வரிசையா வர்ற எடத்துல நின்னார், திரும்ப மேலேர்ந்து படிச்சார். ஜெபம்தான் பண்றார்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன். முழுசா படிச்சு முடிக்கிற வரைக்கும் அவர் கண்ணை மூடல.

அப்பா தூரத்துலேர்ந்து இதைப் பாத்துக்கிட்டிருந்தார். கிட்ட வந்து, ஒக்காருங்க சார், டீ குடிச்சுட்டுப் போங்கன்னார். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல ஒக்காந்து டீ குடிச்சாங்க. சங்கத்துக்காரங்களுக்கு அப்புறம் காந்தி வழி சர்வோதயத்துக்காரங்களும் அங்க வந்தவங்கதான், கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஜெகநாதன் அய்யாவும் அந்தச் சனங்களுக்கு நெலம் வாங்கிக் கொடுக்க அலைஞ்சதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. கிளம்பறப்ப சார் பையிலேர்ந்து பேப்பர்ல சுத்துன பொட்டலம் எடுத்து அப்பா கையில கொடுத்தார். அதிரசமும் முறுக்கும். எங்க வீட்டுக்கு வந்த மொத கிறிஸ்மஸ் பலகாரம். அப்பா கையில வச்சுக்கிட்டே நின்னார். அன்னிக்கு அவர் எதுவும் சாப்பிட மாட்டார். மறுநாள் காலையில எடுத்து எல்லாருக்கும் பங்கு வச்சார்.

பத்தாவது வரைக்கும் கேரலுக்கு நான்தான் லைட்டு. அப்புறம் ஐடிஐ, 1992ல சிங்கப்பூர், ஜூரோங் பக்கம் ஷிப்யார்டு வேலை. அப்பவும் சார் ஒண்ணுதான் சொன்னார், போறது தப்பில்ல, வந்து வந்து போயிக்கிட்டு இருன்னார். வந்து வந்து போனது எனக்குத்தான் தெரியும், முப்பது வருஷத்துல ஒன்பது தடவ.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, சுனாமி வந்த நாள். வேளாங்கண்ணியில பண்டிகைக்கு வந்த ஜனம் அப்படியே இருந்துச்சு. நான் இங்க லிட்டில் இந்தியாவுல நின்னுக்கிட்டிருந்தேன், டீக்கடை டிவியில நாகப்பட்டினம்னு பேரு ஓடுது. நம்ம ஜில்லாவுல மட்டும் ஆறாயிரத்துக்கு மேல செத்தாங்க. நான் சுக்குக் காபி குடிச்ச அக்கரைப்பேட்டை வீடுங்கல்லாம் இருந்த எடம் தெரியல. மூணு நாள் கழிச்சு சாருக்கு லைன் கிடைச்சுது. ஸ்கூல்ல ஜனங்களைத் தங்க வச்சிருக்கோம், கரண்ட் இல்ல, வாடகைக்கு பெட்ரோமாக்ஸ் எடுத்திருக்கோம்னார். தொண்டை கட்டிப் போயிருந்துச்சு. பணம் அனுப்புறேன் சார்னேன். பணம் வருது தம்பி, ஆளு வேணும், ஒரு வாரம் வந்து நில்லுன்னார்.

நான் போவல. புதுசா சூப்பர்வைசர் ஆன நேரம், கப்பல் டெலிவரி, லீவு கேட்டா என்ன ஆகும்னு பயம். ஐநூறு சிங்கப்பூர் வெள்ளி அனுப்பி வச்சேன். அவர் அதுக்கும் லெட்டர் போட்டார், எத்தனை பாய், எத்தனை பால்பவுடர் டின் வாங்கினோம்னு பைசா வரைக்கும் கணக்கு எழுதி. வரலியேன்னு ஒரு வார்த்தை அதுல இல்ல. அந்த லெட்டர் இன்னும் எங்கிட்ட இருக்கு. ஏழெட்டு வருஷம் அதைத் திரும்பப் படிக்க முடியாம வச்சிருந்தேன்.

இங்க கிறிஸ்மஸ் லீவு நாள். ஆர்ச்சர்ட் ரோடு பூரா லைட்டு, எம் பொண்ணு சின்னதா இருக்கறப்ப தோள்ல தூக்கிட்டுப் போயி காட்டுவேன், நாம கிறிஸ்டியனாப்பான்னு கேக்கும். இல்லம்மா. அப்ப ஏம்பா வர்றோம்? வெளிச்சம் பாக்க வர்றோம்மான்னு சொல்லியிருக்கேன். 25ந் தேதி வீட்டுல விரதம் மாதிரி இருப்பேன், 26ந் தேதி காலையில ஏதாவது பலகாரம் வாங்கிட்டு வந்து பங்கு வைப்பேன். ஏன்னு பொண்ணுக்கு இத்தனை நாளா சொன்னதில்ல. இதை அவதான் கம்ப்யூட்டர்ல டைப் பண்றா, இப்ப தெரிஞ்சுக்கிட்டா.

போன மாசம் சார் மகன் போன் பண்ணாரு. அண்ணே, பரண்ல அப்பாவோட பெட்ரோமாக்ஸ் ஒண்ணு கெடக்கு, எடைக்குப் போட மனசில்ல, நீங்க எடுத்துக்கறீங்களான்னு கேட்டாரு. டாங்க் நல்லாருக்காம், கண்ணாடியில ஒரு கீறல், பம்ப் தோல் வாஷர் காஞ்சு போயிடுச்சாம். அப்படியே வைங்க தம்பி, நான் வர்றேன்னு சொல்லிட்டேன். 22ந் தேதி திருச்சிக்கு டிக்கெட் போட்டாச்சு, பொண்ணும் வர்றா. இங்க தேக்கா மார்க்கெட்டுல தேடுனதுல மேண்டில் ரெண்டு கெடைச்சுது. வாஷர்தான் கெடைக்கல. நாகையில பழைய சாமான் கடை எதுவும் இன்னும் இருக்கா, யாருக்காவது தெரிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணுங்க.