எட்டாம் தேதியா, எட்டாம் மாதமா?

என் மகன் பிறந்தது 2008 செப்டம்பர் 8. மதுரையில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் அது 08/09/2008 என்று அச்சாகியிருக்கிறது. நியூஜெர்சியில் அந்தத் தாளைப் பார்க்கிறவர்கள் அதை ஆகஸ்ட் 9 என்றுதான் படிப்பார்கள். இங்கே மாதம் முதலில் வரும், தேதி பிறகுதான். இந்த ஒரு மாதத்துக்காக 2018 பிப்ரவரியில் மூன்று வாரம் அலைந்தேன். எங்களைப் போல ஊரில் பிறந்த பிள்ளையை இங்கே பேஸ்பாலில் சேர்க்கும் பெற்றோருக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

வகுப்புத் தோழர்கள் விளையாடுகிறார்கள் என்று அவனும் 2017 வசந்தத்தில் லிட்டில் லீக்கில் சேர்ந்தான். 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தொடங்கிய சிறுவர் பேஸ்பால் அமைப்பு அது. இன்று ஊருக்கு ஊர் அதன் கிளைகள் உண்டு. பெரும்பாலும் சம்பளம் வாங்காத பெற்றோர்களே அவற்றை நடத்துகிறார்கள். முதல் ஆண்டில் பயிற்சியாளரே மெதுவாகப் பந்தைப் போட்டுக் கொடுப்பார், பிள்ளைகள் அடிப்பார்கள். மறு ஆண்டு பிள்ளைகளே பந்து எறியும் பிரிவு. எறியும் இடத்துக்கும் அடிப்பவனுக்கும் நடுவே 46 அடி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த 46 அடி வயிற்றைக் கலக்கியது. அதுவும் பந்து தரையில் படாமல் நேராக வருகிறது.

பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழும், அந்த ஊரில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு மூன்று வகைச் சான்றுகளும் கேட்டார்கள். சான்றுகள் முந்தைய ஆண்டு பிப்ரவரி 1க்கும் அந்த ஆண்டு பிப்ரவரி 1க்கும் இடைப்பட்டவையாக இருக்க வேண்டும். மின்கட்டணச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கையில் இருந்தன. சிக்கல் வயதில் வந்தது. அதுவரை ஏப்ரல் 30 அன்று பிள்ளைக்கு என்ன வயதோ அதுவே அந்தப் பருவத்துக்கான வயது. 2018 முதல் அந்த நாள் ஆகஸ்ட் 31 ஆக மாறியது. முந்தைய ஆண்டு அவன் தேதியை யாரும் கவனிக்காததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆகஸ்ட் 9 என்று படித்தாலும் செப்டம்பர் 8 என்று படித்தாலும் 2017 ஏப்ரல் 30 அன்று அவனுக்கு எட்டு வயதுதான். புதிய விதியிலோ கோடு சரியாக அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே விழுந்தது. ஆகஸ்ட் 9 என்றால் அவனுக்குப் பத்து. செப்டம்பர் 8 என்றால் ஒன்பது.

எட்டிலிருந்து நேராகப் பத்துக்குத் தூக்கிவிட்டார்கள். எங்கள் கிளையில் பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கான தேர்வுக்கு அவனை வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பத்தில் நான் செப்டம்பர் என்றுதான் நிரப்பியிருந்தேன். சான்றிதழைப் பார்த்த தன்னார்வலர், நான் தவறாக எழுதிவிட்டேன் என்று எண்ணித் திருத்தியிருக்கிறார். தொலைபேசியில் பேசினால், "ஆவணத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அசையவில்லை. கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். இந்தியக் கடவுச்சீட்டிலும் அதே 08/09/2008! அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பெருமைக்காகப் பிள்ளையை மேல் பிரிவில் தள்ளப் பார்க்கும் பெற்றோரைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும். கீழே இறக்கச் சொல்லிக் கெஞ்சும் தாயைக் கண்டு அவருக்குச் சந்தேகமே அதிகமானது போலிருந்தது.

வழியைக் காட்டியவர் பக்கத்து வீட்டு அக்கா. "விசா ஒட்டிய பக்கத்தைப் பார், அதில் மாதம் எழுத்தில் இருக்கும்" என்றார். இருந்தது. அமெரிக்க விசாவில் பிறந்த நாள் 08 என்றும், அதையடுத்து செப்டம்பரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளும், பிறகு ஆண்டும் அச்சாகியிருந்தன. மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டு, என் கண் முன்னாலேயே திருத்தினார். ஆகவே உங்கள் பிள்ளையின் பிறந்த தேதி 12 அல்லது அதற்குள் என்றால், மாதம் எழுத்தில் உள்ள ஓர் ஆவணத்தைச் சான்றிதழோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது மட்டை. அந்த அக்காவின் மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். அவன் பயன்படுத்திய அலுமினிய மட்டை, தலைக்கவசம், கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அன்போடு கொடுத்திருந்தார். முதல் பயிற்சியிலேயே பயிற்சியாளர் மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அதில் பி.பி.எஃப். 1.15 (மட்டை பந்தைத் தள்ளும் வேகத்துக்கான அளவு) என்ற பழைய முத்திரை இருந்தது. 2018 ஜனவரி 1 முதல் லிட்டில் லீக்கில் யூ.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பின் முத்திரை உள்ள மட்டைகள்தான் செல்லும், இல்லையென்றால் ஒரே கட்டையில் செதுக்கிய மரமட்டை. பழைய உலோக, கலப்புப்பொருள் மட்டைகள் விற்சுருள் போலப் பந்தைத் தள்ளிவிடும். புதியவை மரமட்டையின் வேகத்தை ஒட்டி வரும்படி செய்தவை. முத்திரை இல்லாத மட்டையோடு அடிக்க இறங்கியது தெரிந்தால் அடித்தவன் அவுட்.

கடையில் எச்சரிக்கையாக இருங்கள். வேறு போட்டிகளுக்கான யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ. முத்திரை மட்டைகளும் அதே அடுக்கில் நிற்கும். எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். நான் முதலில் எடுத்தது அதைத்தான், கட்டணம் செலுத்தும் வரிசையில் நின்றபோது கவனித்து மாற்றினேன். கடைசியில் 28 அங்குலம், 18 அவுன்ஸ் மட்டை, அறுபது டாலருக்குள். விலை கூடியதை வாங்கினால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். அந்த மே மாதமே, மிக விலை உயர்ந்த ஒரு 30 அங்குல மட்டையின் சான்று திரும்பப் பெறப்பட்டது. அதை வாங்கியிருந்த பிள்ளைகள் பருவத்தின் நடுவில் வேறு மட்டை தேட வேண்டியதாயிற்று.

தலைக்கவசத்தில் பாதுகாப்புத் தரத்துக்கான நாக்சி முத்திரை சரியாகவே இருந்தது. ஆனால் அக்காவின் மகன் அதன்மேல் நீல வண்ணம் அடித்திருந்தான். உற்பத்தியாளர் அனுமதி இல்லாமல் வண்ணம் பூசக் கூடாது, அது கவசத்தை நலிய வைக்கலாம் என்றார்கள். புதிது வாங்கினோம். கையுறை மட்டும் மிஞ்சியது. நன்றாகப் பழகிய தோல், அதை இன்னும் வைத்திருக்கிறோம்.

கழுத்துச் சங்கிலி விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. என் அம்மா போட்டுவிட்ட முருகன் டாலர் கோத்த சங்கிலி, பிறந்ததிலிருந்து கழற்றியதில்லை. ஆட்டத்தில் நகை கூடாது, நோய் விவரம் சொல்லும் பட்டைக்கு மட்டுமே விலக்கு என்றார் நடுவர். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆட்டம் முடியும்வரை நீ போட்டுக்கொள்" என்றார். அப்படியே செய்தேன்.

முன்னேறி ஓடும்போது தலையை முன்னால் நீட்டிச் சறுக்கினால் அவுட், தன் முறை வருமுன் வெளியே நின்று மட்டையைச் சுழற்றக் கூடாது, ஓடுபவன் தொட வேண்டிய பேஸ்கள் எல்லாம் இடித்தால் கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும் என்ற விதிகளை அவன் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டான். கழலும் பேஸ்கள் கட்டாயமானது அவன் பிறந்த 2008இல்தான்.

நான் பழக நேரம் பிடித்தது பந்துக் கணக்கு. தன்னார்வலராகப் பதிவுசெய்து, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும், எண்ணும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒன்பது, பத்து வயதினர் ஒரு நாளில் 75 பந்து வரைதான் எறியலாம், பதினொன்று, பன்னிரண்டுக்கு 85. லிட்டில் லீக் இதை 2007இல் கொண்டுவந்தது. அதைவிட முக்கியம் ஓய்வு நாள்கள். 20 வரை எறிந்தால் ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 50 வரை இரண்டு, 65 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு நாள். 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்தவன் அன்று கேட்சராக, அதாவது அடிப்பவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவனாக, நிற்க முடியாது, நான்கு இன்னிங்ஸ் (இரண்டு அணிகளும் ஒருமுறை அடித்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ்) கேட்சராக நின்றவன் அன்று பந்து எறிய முடியாது.

ஏப்ரலில் ஒரு மாலை, எதிரணியின் பையன் ஒருவனுக்கு என் கணக்கில் 75 ஆகிவிட்டது. அடிப்பவனின் முறை முடியும்வரை அவன் எறியலாம், அதற்குப் பிறகு முடியாது. அவர்களுடைய பயிற்சியாளர், தங்கள் கணக்கில் 71தான் என்று வாதிட்டார். எனக்குக் கை நடுங்கியது. இருந்தாலும் இன்னிங்ஸ் வாரியாக எழுதிய தாளைக் காட்டினேன். இரண்டாம் இன்னிங்ஸில் எங்கள் பிள்ளைகளின் மட்டையில் உரசி வெளியே போன நான்கு பந்துகளை அவர்கள் விட்டிருந்தார்கள். அந்தப் பையன் தோள்பட்டையைப் பிடித்துவிட்டபடி நின்றிருந்ததை நான் இரண்டு இன்னிங்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் யார் பிள்ளையாக இருந்தால் என்ன? அன்று முதல் ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிவிலும் எதிரணிக் கணக்கோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கினேன்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் இதய அதிர்வுக் கருவி மைதானத்தில் எங்கே இருக்கிறது? நெஞ்சில் பந்து பட்டால், இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு நொடித்துளியில் பட்டால், நல்ல உடல்நலம் உள்ள பிள்ளைக்கும் இதயம் நின்றுபோகலாம். அரிதுதான், ஆனால் அப்போது நிமிடங்களே கணக்கு. எங்கள் மைதானத்தில் அது தின்பண்டக் கொட்டகைக்குள் இருந்தது. கொட்டகைச் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தது. கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மறுவாரம் சாவிகள் எல்லாப் பயிற்சியாளர்களிடமும் இருந்தன.

2020 வசந்தத்தில் கொரோனாவால் மைதானங்கள் பூட்டப்பட்டன. வில்லியம்ஸ்போர்ட்டை அடுத்து ஆகஸ்டில் நடக்கும் லிட்டில் லீக் உலகத் தொடரும் வரலாற்றில் முதல்முறையாக ரத்தானது. அந்த ஆண்டில் பன்னிரண்டு வயதுக் கணக்கில் இருந்த பிள்ளைகள் பலருக்குக் கடைசிப் பருவம் கைநழுவியது. ஆகஸ்ட் 9 என்று விட்டிருந்தால் என் மகனும் அவர்களில் ஒருவன். செப்டம்பர் 8 என்பதால் அவனுக்கு 2021 கிடைத்தது. ஜூனில் நடந்த கடைசி ஆட்டத்தில் பந்து எறிந்தவன் அவன்தான். 61 பந்துகள். மூன்று நாள் ஓய்வு என்று வழக்கம்போலத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டேன்.